டஞ்சன் சிந்த்

டஞ்சன் சிந்த் என்பது, சிந்தசைசர் எனப்படும் மின்னணு இசைக்கருவியைக் கொண்டு, கனவுருப்புனைவு உலகங்களையும் கற்பனையான ஐரோப்பிய மத்திய காலத்தையும் ஒலியால் சித்தரிக்கும் ஓர் இசைவகை ஆகும். இது 1990களின் தொடக்கத்தில், நோர்வேயின் பிளாக் மெட்டல் இசைச் சூழலின் ஓரத்தில் உருவானது. இவ்வகை இசை பெரும்பாலும் பாடல் வரிகள் அற்றது. தனியொருவரால் வீட்டிலேயே பதிவு செய்யப்படுவது. சிறிய எண்ணிக்கையில் ஒலிநாடாக்களில் வெளியிடப்படுவது. விலை குறைந்த கருவிகளின் போதாமையும் ஒலிநாடாவின் இரைச்சலும் பிற இசைவகைகளில் குறைகளாகக் கருதப்படும். இங்கோ அவை இசையின் உறுப்புகளாகவே கொள்ளப்படுகின்றன.

பெயர்

டஞ்சன் என்னும் ஆங்கிலச் சொல் கோட்டைகளின் அடியில் அமைந்த நிலவறைச் சிறையைக் குறிக்கும். 1974 ஆம் ஆண்டில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் பாத்திரமேற்கும் ஆட்டத்திற்குப் பின்னர், இச்சொல் அரக்கர்களும் புதையல்களும் நிறைந்த நிலத்தடி வழிகளையும் குறிக்கலாயிற்று. சிந்த் என்பது சிந்தசைசர் என்பதன் சுருக்கம். எனவே இப்பெயரை நிலவறை மின்னிசை எனத் தமிழில் விளக்கலாம்.

இவ்விசை தோன்றிய காலத்தில் இதற்குத் தனிப்பெயர் எதுவும் இருக்கவில்லை. ஒலிநாடாப் பட்டியல்களில் இது இருண்ட சூழிசை என்றும், மத்திய கால சூழிசை என்றும் பலவாறாகக் குறிக்கப்பட்டது. டஞ்சன் சிந்த் என்னும் பெயர் 2011 ஆம் ஆண்டளவில், அதே பெயர் கொண்ட ஒரு வலைப்பதிவின் வழியாகப் பரவியது. ஆகவே இது, தோன்றி ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே பெயர் பெற்ற இசைவகை ஆகும். 1990களின் கலைஞர்கள் தாம் டஞ்சன் சிந்த் இசைப்பதாக ஒருபோதும் எண்ணியிருக்க முடியாது என்பதை இதன் வரலாற்றைப் படிப்போர் நினைவில் கொள்ளவேண்டும்.

முன்னோடிகள்

இவ்விசையின் வேர்கள் மூன்று இடங்களில் உள்ளன.

முதலாவது, 1970களின் ஜெர்மானிய மின்னணு இசை. டாஞ்சரின் டிரீம் குழுவும் கிளவுஸ் சூல்ட்சும் சிந்தசைசரைக் கொண்டு, ஒரு முழு இசைத்தட்டுப் பக்கத்தை நிறைக்கும் நீண்ட இசைக்கோலங்களை உருவாக்கினர். இந்த மரபுக்கும் நோர்வே மெட்டல் இசைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மேஹெம் என்னும் நோர்வேக் குழுவின் டெத்கிரஷ் என்ற 1987 ஆம் ஆண்டு வெளியீட்டின் தொடக்க இசையை அளித்தவர், டாஞ்சரின் டிரீமின் தொடக்ககால உறுப்பினர்களுள் ஒருவரான கொன்ராட் சினிட்ஸ்லர் ஆவார். கடுமையான கித்தார் இசைக்கு முன்னால் வைக்கப்பட்ட இத்தகைய மின்னணு முன்னுரைகளே, பின்னர் தனித்து வளர்ந்து டஞ்சன் சிந்த் ஆயின.

இரண்டாவது, கனவுருப்புனைவு இலக்கியம். ஜே. ஆர். ஆர். டோல்கீனின் த ஹாபிட் 1937 இலும், த லோர்ட் ஆஃப் த ரிங்ஸ் 1954, 1955 ஆம் ஆண்டுகளிலும் வெளிவந்தன. சுவீடன் இசைக்கலைஞர் பூ ஹான்சன், டோல்கீனின் கதையை அடிப்படையாகக் கொண்டு 1970 ஆம் ஆண்டிலேயே ஒரு முழு இசைத்தொகுப்பை வெளியிட்டிருந்தார். நோர்வேயின் பர்சம், கோர்கோரோத், இசன்கார்ட் ஆகிய இசைத்திட்டங்கள் யாவும் டோல்கீனின் கற்பனை மொழிகளிலிருந்தும் இடப்பெயர்களிலிருந்தும் தம் பெயர்களை எடுத்துக்கொண்டவையே.

மூன்றாவது, திரைப்படங்களும் கணினி விளையாட்டுகளும். 1982 ஆம் ஆண்டின் கோனன் த பார்பேரியன் திரைப்படத்துக்கு பாசில் பொலெடூரிஸ் அமைத்த பின்னணி இசை ஒரு முன்னோடியாகச் சுட்டப்படுவதுண்டு. 1980களின் விளையாட்டுக் கருவிகளால் ஒரே நேரத்தில் மிகச் சில குரல்களையே ஒலிக்க முடிந்தது. அக்கருவிகளுக்காக எழுதப்பட்ட சிறிய, திரும்பத் திரும்ப ஒலிக்கும் மெட்டுகளின் சாயலை டஞ்சன் சிந்த் ஆக்கங்களில் எளிதில் கேட்கலாம்.

தோற்றமும் முதற்காலமும்

1990களின் தொடக்கத்தில் பிளாக் மெட்டல் குழுக்கள் கீபோர்டு ஒலிகளைத் தம் இசையில் சேர்க்கத் தொடங்கின. எம்பரர் குழுவின் 1994 ஆம் ஆண்டுத் தொகுப்பான இன் த நைட்சைட் எக்லிப்ஸ் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அக்குழுவில் முன்னர் பேஸ் கித்தார் வாசித்தவரான ஹோவார்ட் எல்லெஃப்சன், 1992 இல் குழுவிலிருந்து விலகி, மோர்ட்டிஸ் என்னும் புனைபெயரில் தனித்து இயங்கலானார். கித்தார், மேளம், அலறல் ஆகிய மூன்றையும் அவர் கைவிட்டார். எஞ்சியது கீபோர்டு மட்டுமே.

மோர்ட்டிசின் முதல் மாதிரிப் பதிவு 1993 இல் வெளிவந்தது. ஆளப் பிறந்தவன் என்னும் பொருள் தரும் தலைப்பைக் கொண்ட அவரது முதல் முழுத்தொகுப்பு 1994 இல் வெளிவந்தது. ஐம்பது நிமிடங்களைக் கடந்த அத்தொகுப்பில் இரண்டே இரண்டு பகுதிகள் இருந்தன. நீண்ட மூக்கும் கூரிய காதுகளும் கொண்ட பூத முகமூடியுடன் தோன்றிய அவர், தம் இசை யாவும் தாம் கற்பனை செய்த ஓர் உலகின் வரலாறு என்று கூறினார். 1999 வரையிலான ஆக்கங்களை அவர் முதலாம் ஊழி என்று வகைப்படுத்துகின்றார். 2001 இல் வெளிவந்த த ஸ்மெல் ஆஃப் ரெயின் தொகுப்புடன் அவர் பாடலுடன் கூடிய வேறு வகை இசைக்கு மாறினார்.

இதே காலத்தில் வேறு சில கலைஞர்களும் இத்திசையில் முயன்றனர். சத்திரிக்கோன் குழுவைச் சேர்ந்த சிகுர்ட் வொன்கிராவன், வொன்கிராவன் என்ற பெயரிலேயே 1995 இல் மலை அரியணை என்னும் பொருள்படும் தொகுப்பை வெளியிட்டார். டார்க்த்ரோன் குழுவின் ஃபென்ரிஸ், நெப்டியூன் டவர்ஸ் என்ற பெயரில் 1994 இலும் 1995 இலும் இரண்டு தொகுப்புகளை உருவாக்கினார். இவை கோட்டைகளை விட்டு விண்வெளியை நோக்கியவை. ஜெர்மானிய மரபுக்கு நெருக்கமானவை. ஆஸ்திரியாவின் சம்மனிங் குழு பிளாக் மெட்டலைக் கைவிடாமலேயே, மினாஸ் மோர்குல், டோல் குல்டூர் போன்ற தொகுப்புகளில் கீபோர்டு மெட்டுகளை முதன்மைப்படுத்தியது.

நோர்வேக்கு வெளியிலும் இத்தகைய ஆக்கங்கள் தோன்றின. ஜெர்மனியின் டிப்ரசிவ் சைலன்ஸ் 1990களின் நடுப்பகுதியில் ஒலிநாடாக்களை வெளியிட்டது. ஐக்கிய அமெரிக்காவின் சீக்ரட் ஸ்டேர்வேஸ் 1997 இல் என்சான்ட்மென்ட் ஆஃப் த ரிங் என்னும் ஆக்கத்தை வெளியிட்டது. இவை வெளிவந்தபோது மிகச் சிலரே அவற்றைக் கேட்டனர். அஞ்சல் வழியாக ஒலிநாடாக்களைப் பரிமாறிக்கொண்ட ஒரு சிறு வட்டத்தைத் தாண்டி அவை செல்லவில்லை.

கருவிகளும் ஒலியும்

முதற்காலக் கலைஞர்களில் பலர் பதின்ம வயதைக் கடந்து சில ஆண்டுகளே ஆனவர்கள். அவர்களுக்குக் கிடைத்தவை யமஹா, கேசியோ, ரோலண்ட், கோர்க் ஆகிய நிறுவனங்களின் வீட்டுக் கீபோர்டுகளும் பழைய சிந்தசைசர்களுமே. இவற்றின் இயங்குமுறையை அறிந்துகொண்டால்தான் டஞ்சன் சிந்த் ஏன் இவ்வாறு ஒலிக்கின்றது என்பது விளங்கும்.

1980களின் பிற்பகுதியிலிருந்து வந்த கீபோர்டுகள், உண்மையான இசைக்கருவிகளின் ஒலியைப் பதிவு செய்து, அந்த ஒலிமாதிரிகளை நினைவகத்தில் வைத்திருந்தன. அக்காலத்தில் நினைவகம் விலை மிகுந்தது. 1988 இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற கோர்க் எம்1 சிந்தசைசரின் ஒலிமாதிரிகள் யாவும் வெறும் 4 மெகாபைட்டு அளவுக்குள் அடங்கியிருந்தன. இன்றைய கைப்பேசியில் எடுக்கப்படும் ஓர் ஒளிப்படத்துக்கு ஒப்பான இந்த அளவுக்குள், பியானோ, வயலின் குழாம், புல்லாங்குழல், பாடகர் குழு, மேளம் எனப் பல கருவிகள் இடம்பெற வேண்டியிருந்தது.

இதற்காக இரண்டு உத்திகள் கையாளப்பட்டன. ஒன்று, ஒலியின் தொடக்கப் பகுதியை மட்டும் சேமித்து, அதன் பின்னுள்ள மிகச்சிறு துண்டு ஒன்றை விசை அழுத்தப்பட்டிருக்கும் வரை சுழற்சியாக மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தல். மற்றொன்று, ஒவ்வொரு சுரத்துக்கும் தனிப்பதிவு வைக்காமல், ஒரே பதிவை வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டி அண்டைச் சுரங்களைப் பெறுதல். இவற்றின் விளைவாக, பாடகர் குழுவின் ஒலி மனிதக்குரல் போலவும் மனிதக்குரல் அல்லாதது போலவும் ஒலித்தது. அக்குழு மூச்சு வாங்குவதில்லை. சொல் எதையும் உச்சரிப்பதில்லை. முடிவின்றி ஒரே உயிரொலியை இழுத்துக்கொண்டிருக்கின்றது. உண்மையான பாடகர் குழுவைப் போலி செய்யும் முயற்சி என்ற வகையில் இது தோல்வியே. ஆனால், எவரும் வாழாத ஒரு கோட்டையின் ஒலியாகக் கேட்கும்போது அத்தோல்வியே பொருத்தமாகி விடுகின்றது. டஞ்சன் சிந்த் கலைஞர்கள் கண்டுகொண்டது இதனையே.

இக்கருவிகள் தரும் மத்திய காலம் வரலாற்று மத்திய காலம் அன்று என்பதும் கவனிக்கத்தக்கது. இவ்விசையில் அடிக்கடி கேட்கும் ஹார்ப்சிகார்டு, 16 ஆம் நூற்றாண்டு முதல் 18 ஆம் நூற்றாண்டு வரை செழித்திருந்த கருவி. பெரிய வயலின் குழாம் அதனினும் பிற்பட்டது. உண்மையான மத்திய கால ஐரோப்பாவின் வில்யாழ் வகைகளோ நாதசுரத்தை ஒத்த சோம் என்னும் குழற்கருவியோ வீட்டுக் கீபோர்டுகளில் பொதுவாக இருப்பதில்லை. ஆகவே இவ்விசை பழமையை மீட்டெடுப்பதில்லை. நூல்கள், திரைப்படங்கள், விளையாட்டுகள் ஆகியவற்றின் வழியே 20 ஆம் நூற்றாண்டினர் கனவு கண்ட ஒரு பழமையையே அது இசைக்கின்றது.

இசைப் பண்புகள்

டஞ்சன் சிந்த் ஆக்கங்களில் பொதுவாகக் காணப்படும் பண்புகள் பின்வருமாறு:

* மெதுவான அல்லது நடுத்தரமான காலவேகம். பல ஆக்கங்களில் தாளக்கருவியே இராது. இருப்பின், ஊர்வலத்தை நினைவூட்டும் எளிய மேள அடிகள் இடம்பெறும்.
* சிறிய மெட்டு ஒன்று பலமுறை திரும்ப ஒலித்தல். மெட்டு மாறுவதைவிட, அதன்மேல் புதிய கருவியொலிகள் ஒவ்வொன்றாகச் சேர்வதும் விலகுவதுமே வளர்ச்சியாக அமையும்.
* அடியில் நீண்டு ஒலிக்கும் ஆதாரச் சுரம்.
* செயற்கையாகச் சேர்க்கப்பட்ட மிகுதியான எதிர்முழக்கம். கல்மண்டபம் ஒன்றினுள் நிற்கும் உணர்வை இது தருகின்றது.
* சிறுபான்மையாகக் காற்று, மழை, நெருப்பு, மணி ஆகியவற்றின் ஒலிகளும் தணிந்த குரலில் அமைந்த உரைகளும்.

சுர வரிசைகளைப் பொறுத்தவரை, மேலைத்தேய இசையின் இயல்பு மைனர், டோரியன், பிரீஜியன் ஆகியவை பெரிதும் பயன்படுகின்றன. கருநாடக இசை அறிந்த வாசகர்கள் இவற்றை முறையே நடபைரவி, கரகரப்பிரியா, அனுமத்தோடி ஆகிய மேளகர்த்தா இராகங்களின் சுரத்தானங்களோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். ஒப்புமை சுரத்தானங்களோடு நின்றுவிடுகின்றது. கமகமோ இராக விரிவோ இங்கு இல்லை. கீபோர்டின் ஒவ்வொரு சுரமும் அசையாது நேராக நிற்கும்.

வாசிப்புத் திறமை இங்கு முதன்மை பெறுவதில்லை. பல ஆக்கங்களை ஓராண்டு கீபோர்டு பயின்ற மாணவர் ஒருவரும் வாசித்துவிட முடியும். எந்த ஒலியை எதன் மீது வைப்பது, எவ்வளவு நேரம் நீடிப்பது, எப்போது நிறுத்துவது என்பவற்றிலேயே கலைஞரின் தேர்ச்சி வெளிப்படுகின்றது.

ஒலிநாடாவின் பங்கு

ஒலிநாடாவை டச்சு நிறுவனமான பிலிப்ஸ் 1963 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. லூ ஒட்டன்ஸ் என்னும் பொறியாளரின் தலைமையில் இது உருவாக்கப்பட்டது. இதன் நாடா 3.81 மில்லிமீட்டர் அகலமுடையது; நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுவது. அகலமும் வேகமும் குறைவாக இருப்பதே ஒலிநாடாவின் மலிவுக்கும் கையடக்கத்துக்கும் காரணம். அதன் இரைச்சலுக்கும் அதுவே காரணம்.

நாடாவின் மேற்பூச்சில் எண்ணற்ற காந்தத் துகள்கள் உள்ளன. பதிவு செய்யப்படாத நாடாவிலும் இத்துகள்கள் ஒழுங்கற்ற திசைகளில் காந்தப்பட்டிருப்பதால், அவை படிப்பானைக் கடக்கும்போது ‘ஸ்’ என்னும் தொடர்ந்த இரைச்சல் எழுகின்றது. நாடா அகலமாகவும் வேகமாகவும் ஓடினால், ஒவ்வொரு கணமும் கூடுதலான துகள்கள் ஒலியைச் சுமக்கும். இரைச்சல் ஒப்பீட்டளவில் குறையும். குறுகிய, மெதுவான ஒலிநாடாவில் அவ்வசதி இல்லை. மேலும், நாடா ஓடும் வேகம் மிகச் சிறிதளவு கூடிக் குறையும்போது சுரங்கள் மெல்ல அலைகின்றன. அசையாத கீபோர்டு ஒலிக்கு இந்த அலைவு ஒருவகை உயிர்ப்பைக் கொடுக்கின்றது.

வீட்டுப்பதிவுக்கு உதவிய மற்றொரு கருவி நான்கு தட ஒலிநாடாப் பதிவி ஆகும். டாஸ்காம் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டூடியோ 1979 இல் வெளிவந்தது. வழமையான ஒலிநாடாவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டாக மொத்தம் நான்கு தடங்கள் உண்டு. இக்கருவி அந்நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்தியது. இதனால் ஒருவரே ஒரு தடத்தில் ஆதாரச் சுரத்தையும், அடுத்ததில் பாடகர் குழுவொலியையும், பின்னர் மெட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவு செய்து, ஒரு வாத்தியக் குழுவாகவே ஆகிவிட முடிந்தது. நான்குக்கு மேல் தேவைப்பட்டால், மூன்று தடங்களை ஒன்றாகக் கலந்து நான்காவதில் பதிந்து, மூன்றையும் மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் இவ்வாறு படியெடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும். உயர் அதிர்வெண் ஒலிகள் மங்கும். பழைய டஞ்சன் சிந்த் பதிவுகளில் சில கருவிகள் அருகிலும் சில மிகத் தொலைவிலும் ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

குறுவட்டுகளும் எண்ணிமக் கோப்புகளும் பரவிய பின்னரும் இவ்வகை இசை ஒலிநாடாவை விட்டு நீங்கவில்லை. இசைத்தட்டு அச்சிடுவதற்குச் சில நூறு படிகளேனும் தேவைப்படும். ஒலிநாடாவையோ ஐம்பது படிகளாகவோ, வீட்டிலேயே ஒன்றொன்றாகவோ உருவாக்கலாம். வரைபடம், கையெழுத்தில் எண்ணிட்ட அட்டை, சிறுகதை அச்சிட்ட தாள் ஆகியவற்றை உடன் வைக்கவும் இடம் உண்டு. கேட்பவரும் விருப்பம்போல் தாவிச் செல்ல முடியாது. ஒரு பக்கம் முடியும் வரை அமர்ந்து கேட்டு, பின் நாடாவைத் திருப்ப வேண்டும். நீண்ட ஆக்கங்களுக்கு இது ஏற்ற முறையாகவே அமைந்தது.

எனினும் ஒலிநாடா நிலையான ஊடகம் அன்று. நாடாவைப் படிப்பானோடு அழுத்தும் சிறு பஞ்சுத் திண்டு காலப்போக்கில் கழன்றுவிடும். நெருங்கிச் சுற்றப்பட்ட நாடாவில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றில் மெலிதாகப் படியும். வெப்பமும் ஈரமும் மேற்பூச்சைக் கெடுக்கும். சில டசின் படிகளே வெளிவந்த ஓர் ஆக்கத்துக்கு இது உயிர்ப்பிரச்சினை ஆகும். முதற்பதிவு தொலைந்து, படிகளும் கெட்டுவிட்டால் அந்த இசை இல்லாமலேயே போய்விடும். இன்று கேட்கக் கிடைக்கும் 1990களின் ஆக்கங்களுள் பல, எவரோ ஒருவர் தம்மிடம் எஞ்சியிருந்த ஒரே படியை எண்ணிமமாக்கியதால் பிழைத்தவை. அக்கோப்புகளில் அந்தத் தனிப்படியின் கீறலும் அலைவும் சேர்ந்தே பதிந்துள்ளன. புதிய கேட்பவர்கள் அவற்றையும் இசையின் பகுதியாகவே அறிந்துள்ளனர்.

அட்டைப்படங்கள்

பழைய செதுக்கோவியங்கள், கோட்டைகளின் கோட்டுருவங்கள், மலைக்காடுகள், கற்பனை நில வரைபடங்கள் ஆகியவை வழமையான அட்டைப்படங்கள். கறுப்பு வெள்ளை ஒளிநகலே பெரும்பாலும் பயன்படுவதால் செலவும் குறைவு. நோர்வே ஓவியர் தியோடோர் கிட்டல்சனின் (1857 - 1914) பூதங்களும் இருண்ட நிலக்காட்சிகளும், 1990களின் நோர்வேத் தொகுப்புகளின் அட்டைகள் வழியே இத்தோற்றத்துக்கு முன்மாதிரி ஆயின. கலைஞரின் ஒளிப்படமோ இயற்பெயரோ அட்டையில் இல்லாதிருப்பதும் உண்டு. ஆக்கியவர் மறைந்து, அவர் படைத்த இடமே முன்னிற்க வேண்டும் என்பது இதன் நோக்கம்.

மறுமலர்ச்சி

2000களில் இவ்விசை ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்தது. 2010களில் மூன்று காரணங்களால் அது மீண்டெழுந்தது. பழைய ஒலிநாடாக்கள் எண்ணிமமாக்கப்பட்டு இணையத்தில் கிடைக்கலாயின. 2011 அளவில் கிடைத்த பெயர், சிதறிக்கிடந்த ஆக்கங்களை ஒரே மரபாகக் காண வழிசெய்தது. பேண்ட்கேம்ப் போன்ற தளங்கள், கலைஞர் தம் ஆக்கத்தையும் ஒலிநாடாவையும் நேரடியாக விற்க உதவின.

பிரான்சின் எராங், 2012 முதல் தாம் கற்பனை செய்த ஒரு நாட்டைப் பற்றிய தொகுப்புகளைத் தொடர்ந்து வெளியிட்டு வந்தது. டோல்கீனின் நூலிலிருந்து பெயர் கொண்ட தாங்கோரோட்ரிம் 2016 இல் டவுர்-நூ-ஃபுயின் தொகுப்பை வெளியிட்டது. நெதர்லாந்தின் ஓல்ட் டவர், பின்லாந்தின் ஓல்ட் சோர்சரி, ஐக்கிய அமெரிக்காவின் ஃபீஃப் ஆகியவை இக்காலத்தில் பரவலாக அறியப்பட்டவை. சோசரியன் மித் என்னும் திட்டம், ஆங்கிலக் கவிஞர் சோசரின் கேன்டர்பரி கதைகளை மிக நீண்ட இசைத்தொகுப்பாக அமைத்தது. மோர்ட்டிசும் இந்த ஆர்வத்தைக் கண்டு தம் பழைய இசைக்குத் திரும்பி, மேடைகளில் வாசித்தார். தமது இரண்டாம் தொகுப்பின் புதிய வடிவத்தை 2020 இல் ஸ்பிரிட் ஆஃப் ரெபெல்லியன் என்ற பெயரில் வெளியிட்டார்.

மேடை நிகழ்ச்சி இவ்விசைக்கு இயல்பானதன்று. தனியறையில் ஒருவர் செய்ததைத் தனியறையில் மற்றொருவர் கேட்பதே அதன் வழமை. இருந்தும் 2010களின் இறுதியிலிருந்து இதற்கெனச் சிறு விழாக்களும் நடக்கலாயின.

கிளை வகைகள்

எண்ணிக்கை பெருகியதும் கிளைகளும் தோன்றின. பனிப்பருவக் காட்சிகளைச் சித்தரிப்பது விண்டர் சிந்த் எனப்படுகின்றது. அச்சத்துக்குப் பதிலாக அடுப்பங்கரை, சிற்றூர், சிறு விலங்குகள் ஆகியவற்றின் இதமான உலகை இசைப்பது கம்ஃபி சிந்த் ஆகும். தொன்மாக்களின் காலத்தைப் பாடுபொருளாகக் கொண்ட டைனோ சிந்த் என்னும் வகையும் உண்டு. ஹோல் டுவெல்லர் 2019 இல் வெளியிட்ட ஃபிளைஸ் த கூப் தொகுப்பு, போர்க்களத்தை விடுத்து, வளையில் வாழும் ஒரு சிற்றுயிரின் பயணத்தை மகிழ்ச்சியான மெட்டுகளில் கூறுகின்றது. இருளே இவ்விசையின் சாரம் என்னும் கருத்தை இவை மாற்றின. சாரம், இல்லாத ஓர் இடத்தைக் கட்டியெழுப்புவதே.

சர்ச்சைகள்

டஞ்சன் சிந்தின் வரலாற்றில் பர்சம் தவிர்க்கமுடியாத பெயராகும். இதன் தனி உறுப்பினரான வார்க் விக்கர்னெஸ், மேஹெம் குழுவின் கித்தார் கலைஞர் ஆய்ஸ்டைன் ஓர்சத்தை 1993 ஆகத்தில் கொலை செய்தவர். இக்கொலைக்காகவும் தேவாலயங்களுக்குத் தீ வைத்ததற்காகவும் 1994 இல் அவருக்கு 21 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2009 இல் அவர் விடுதலை ஆனார். சிறையில் கித்தாரும் மேளமும் கிடைக்காத நிலையில், சிந்தசைசரை மட்டும் கொண்டு அவர் இரண்டு தொகுப்புகளை உருவாக்கினார். நோர்டியத் தொன்மத்தின் பால்டர் என்னும் தெய்வத்தின் மரணத்தைக் கூறும் முதல் தொகுப்பு 1997 இலும், அடுத்தது 1999 இலும் வெளிவந்தன. எளிய கீபோர்டு ஒலிகளால் ஆன இவை, பின்வந்த கலைஞர்கள் பலருக்கு முன்மாதிரி ஆயின. விக்கர்னெஸ் இனவாதக் கருத்துகளை வெளிப்படையாகப் பரப்பியவர். இன வெறுப்பைத் தூண்டியதற்காக 2014 இல் பிரான்சின் நீதிமன்றம் ஒன்று அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது.

இது ஒரு தனிமனிதரின் குற்றத்தோடு நிற்கவில்லை. கலப்பற்ற, மாசற்ற ஐரோப்பியப் பழமை ஒன்று இருந்தது என்னும் கற்பனை இனவாத அரசியலுக்கு ஏற்ற கருவி. சொற்களற்ற இசையில் அக்கற்பனை எளிதில் மறைந்து நிற்கவும் கூடும். இதனால் சில ஆக்கங்களும் வெளியீட்டகங்களும் கடும் எதிர்ப்பைச் சந்தித்துள்ளன. வரலாற்று முன்னோடி என்ற வகையில் பர்சத்தைக் கேட்கலாம் என்போரும், அவ்விசையை முற்றாக விலக்க வேண்டும் என்போரும் உள்ளனர். கலைஞர்கள் பலர் தமது வெளியீடுகளிலேயே இனவாதத்துக்கு எதிரான நிலைப்பாட்டை அறிவித்து வருகின்றனர்.

இவ்விவாதத்தில் இசையே ஒரு சான்றினை முன்வைக்கின்றது. டஞ்சன் சிந்த் காட்டும் மத்திய காலம், ஜப்பானில் உருவாக்கப்பட்ட கீபோர்டுகளிலும் ஆங்கிலேய எழுத்தாளர் ஒருவரின் கதைகளிலும் அமெரிக்கர் உருவாக்கிய ஆட்டமொன்றிலும் பிறந்தது. எந்த நாட்டின் உண்மையான பழமையும் அன்று என்பதால், அதற்குள் நுழையும் உரிமையும் எவருக்கும் தனியுடைமை ஆகாது.

மதிப்பீடு

டஞ்சன் சிந்த் இசையைக் குறைகூறுவோர், அது தேர்ச்சியற்றவர்களின் முயற்சி என்றும், ஒரே அச்சில் வார்த்த ஆக்கங்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன என்றும் சுட்டுகின்றனர். இது முற்றிலும் பொய்யன்று. கருவியின் எளிமை எல்லோருக்கும் வாயிலைத் திறந்து விட்டிருப்பதால், கவனமின்றி உருவாக்கப்பட்டவையும் மிகுதி. செலவின்றிக் கிடைக்கும் மென்பொருள்கள் இன்று நாடா இரைச்சலைக்கூடப் போலியாகச் சேர்த்துத் தருகின்றன. வேறு வழியின்றி ஏற்கப்பட்ட இரைச்சலும் அணியாகப் பூசப்பட்ட இரைச்சலும் ஒன்றாகுமா என்னும் கேள்வி ரசிகர்களிடையே தொடர்ந்து எழுகின்றது.

ஆயினும் சிறந்த ஆக்கங்கள் ஒரு பொது உண்மையைக் காட்டுகின்றன. தெளிவான, முழுமையான ஒலி கேட்பவருக்கு வேலை எதனையும் வைப்பதில்லை. மங்கிய, அரைகுறையான ஒலியோ எஞ்சியதை இட்டு நிரப்புமாறு அவரை அழைக்கின்றது. நிழற்கூத்தில் தோற்பாவையின் நிழலைக் கண்டு அரண்மனையையும் போர்க்களத்தையும் பார்ப்பவர் தாமே கட்டிக்கொள்வதைப் போல, இங்கும் கோட்டையின் பெரும்பகுதி கேட்பவரின் மனத்திலேயே எழுகின்றது.

குறிப்பிடத்தக்க இசைத்தொகுப்புகள்

* 1994 - மோர்ட்டிஸ், ஃபெட் டில் ஓ ஹெர்ஸ்க
* 1994 - நெப்டியூன் டவர்ஸ், கேரவன்ஸ் டு எம்பயர் அல்கோல்
* 1995 - வொன்கிராவன், ஃபியெல்த்ரோனென்
* 1996 - மோர்ட்டிஸ், கிரிப்ட் ஆஃப் த விசர்ட்
* 1997 - பர்சம், தௌதி பால்ட்ர்ஸ்
* 1997 - சீக்ரட் ஸ்டேர்வேஸ், என்சான்ட்மென்ட் ஆஃப் த ரிங்
* 2016 - தாங்கோரோட்ரிம், டவுர்-நூ-ஃபுயின்
* 2019 - ஹோல் டுவெல்லர், ஃபிளைஸ் த கூப்

இவற்றையும் பார்க்க

* சிந்தசைசர்
* சூழிசை
* பிளாக் மெட்டல்
* ஒலிநாடா
* கனவுருப்புனைவு
* ஜே. ஆர். ஆர். டோல்கீன்